கொள்ளிடத்தில் வராத வெள்ளம்

சென்ற மார்கழியில் ஒரு நாள், சங்கீதக் கச்சேரி ஒன்றில் பாதியிலேயே எழுந்து வெளியே வந்தபோது, நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். பக்கத்திலிருந்த பெரிய ஹோட்டல் ஒன்றில் பத்து நாளைக்குத் தஞ்சாவூர்ச் சமையல் திருவிழா நடக்கிறதாம். "உங்கள் ஊர்ச் சமையல். நீங்கள் வந்து ருசி பார்த்துச் சொல்ல வேண்டாமா?" என்றார். சொந்த ஊர் ரசத்தைச் சாப்பிட லிப்டில் ஏறிப் போக வேண்டிய காலம் வந்துவிட்டதே என்று ஒரு கணம் தயங்கினேன். ஆனால் தயக்கத்தைவிடப் பசி எப்போதும் வேகமாக மாடி ஏறும். போனேன்.

வாசலில் குத்துவிளக்கும் தலையாட்டி பொம்மைகளும் வைத்திருந்தார்கள். உள்ளே நீண்ட மேஜைகளின் மேல் பளபளவென்று பாத்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சீட்டு. சீட்டில் பலகாரத்தின் பெயரும், அது பிறந்த கதையும் இங்கிலீஷில். டாங்கர் பச்சடி இருந்தது. பாகற்காய்ப் பிட்லை இருந்தது. போளி இருந்தது. கத்தரிக்காய் ரசவாங்கியும் இருந்தது.

ரசவாங்கியை ஒரு வாய் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். ஹோட்டல் மறைந்துவிட்டது. காவிரிக் கரையில் எங்கள் பழைய வீட்டுக் கூடமும், அடுப்படியில் புகைக்கு நடுவே நின்ற அத்தையும் தெரிந்தார்கள். புளி மட்டும் ஒரு மாற்றுக் குறைவு. மற்றபடி கொத்தமல்லி விதையும் கடலைப் பருப்பும் வறுத்து அரைத்த அந்த மணம், அதே மணம்.

கண்ணைத் திறந்து அடுத்த பாத்திரத்துக்கு நகர்ந்தேன். அது சாம்பார். அதன் சீட்டு மற்றவற்றைவிடப் பெரியது. நான் குனிந்து படிப்பதைப் பார்த்ததும், பரிமாறிக்கொண்டிருந்த பையன் உற்சாகமாக அருகில் வந்து கதையைத் தானே சொல்ல ஆரம்பித்தான்.

"சார், சாம்பார் கண்டுபிடித்ததே தஞ்சாவூர் மராட்டிய ராஜா ஷாஹஜி. சிவாஜி மகாராஜாவின் மகன் சம்பாஜி ஒரு தடவை விருந்துக்கு வந்தார். மராட்டியப் பருப்புக் குழம்புக்குக் கொகம் என்ற புளிப்புப் பழம் போட வேண்டும். அதை ஏற்றி வந்த வண்டிகள் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்ததால் அக்கரையிலேயே நின்றுவிட்டன. ராஜா என்ன செய்தார்? நம் ஊர்ப் புளியைக் கரைத்து விட்டார். விருந்தாளி பெயரையே வைத்துச் சாம்பார் என்று ஆயிற்று!"

என் கையில் இருந்த தட்டு ஆடிற்று. கதை எனக்குப் புதிது என்பதால் அல்ல. அந்தக் கொள்ளிடத்து வெள்ளம் என்னுடையது என்பதால்.

வாசகர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் வருஷம் தீபாவளி மலர் ஒன்றுக்கு நான் ஒரு சரித்திரச் சிறுகதை எழுதினேன். ஷாஹஜியும் சம்பாஜியும் புளியும் சேர்ந்த கதை எனக்கு முன்பே பலர் வாயில் உலவிக்கொண்டிருந்ததுதான். ஆனால் கதை என்றால் ஒரு இடையூறு வேண்டுமே? கொகம் ஏன் தீர்ந்துபோயிற்று என்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே? ஆடி மாதத்து மழையைப் பெய்ய விட்டேன். கொள்ளிடத்தில் வெள்ளத்தைத் திறந்துவிட்டேன். மூன்று மாட்டு வண்டிகளை அக்கரையில் நிறுத்தினேன். ஒரு வண்டிக்காரனுக்குப் பெயர்கூட வைத்தேன். எல்லாம் என் மைக்கூட்டில் பெய்த மழை. அது எந்த வழியாகவோ ஓடி, இத்தனை வருஷம் கழித்து ஹோட்டல் சீட்டில் சரித்திரமாக வந்து தேங்கி நிற்கிறது.

அந்தக் கதையை ரசித்துப் பலர் கடிதம் போட்டார்கள். ஒருத்தி மட்டும் ரசிக்கவில்லை. அவள் என் அத்தை. பதினாறு வயதில் பொட்டழிந்து பிறந்தகம் திரும்பியவள். அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டு அடுப்புக்கு முன்னால் நின்றாள். கல்யாணமா, சீமந்தமா, திவசமா, எல்லாவற்றுக்கும் அவள் கைதான். பந்தியில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் கதையை முழுதும் படித்துவிட்டு அவள் சொன்னாள்:

"கதை நன்னாத்தான் இருக்குடா. ராஜா பேர் இருக்கு. விருந்துக்கு வந்தவன் பேர் இருக்கு. வண்டிக்காரன் பேர்கூடப் போட்டிருக்கே. சமைச்சவா பேரைக் காணோமே?"

"ராஜாவேதான் சமைச்சார்னு கதை, அத்தை."

"ராஜா கரண்டியைப் பிடிச்சிருப்பார். பருப்பை யார் வேக வெச்சா? புளியை யார் கரைச்சா? அவருக்கு முன்னாடி இந்த ஊர்லே யாரும் புளி கரைச்சதே இல்லையா?"

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஹோட்டலில் அந்தச் சீட்டுக்கு முன்னால் நின்றபோது சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் புத்தகங்களை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

முதலில் தேதிகளைப் பார்ப்போம். தஞ்சை நாயக்கர் ஆட்சி 1673-இல் முடிந்தது. சிவாஜியின் தகப்பனாருக்கு இன்னொரு மனைவி மூலம் பிறந்தவர் ஏகோஜி. அவர் 1676 வாக்கில் தஞ்சையைத் தம்முடையதாக்கிக்கொண்டார். அவருடைய மகன் ஷாஹஜி பட்டத்துக்கு வந்தது 1684-இல். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. சம்பாஜியோ, மொகலாயர் கையில் அகப்பட்டு 1689 மார்ச்சில் கொல்லப்பட்டார். ஆகவே அந்த விருந்து நடந்திருந்தால் இந்த ஐந்து வருஷத்துக்குள் நடந்திருக்க வேண்டும். அந்த ஐந்து வருஷமும் ஔரங்கசீப் தமது பெரும் படையுடன் தக்காணத்திலேயே முகாம் போட்டிருந்தார். தலைக்கு மேல் கத்தி தொங்கிக்கொண்டிருந்த சம்பாஜி, பருப்புக் குழம்பு சாப்பிடுவதற்காகக் காவிரிக் கரைக்கு வந்து, பதினைந்து வயதுப் பையன் சமைத்ததைப் பாராட்டினார் என்று நம்புவதற்கு, என்னைப் போன்ற கதாசிரியனின் துணிச்சல் வேண்டும். அந்தக் காலத்து ஆவணம் எதுவும் இந்த விருந்துக்குச் சாட்சி சொல்ல முன்வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கொள்ளிடக் கரையில் போன்ஸ்லே குடும்பத்துச் சந்திப்பு ஒன்று உண்மையாகவே நடந்திருக்கிறது. 1677-இல் சிவாஜி தெற்கே படையெடுத்து வந்தபோது, கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடியில் தங்கித் தம்பி ஏகோஜியை அழைத்தார். தகப்பனார் சொத்தில் தமக்கு உரிய பங்கைக் கேட்டார். தம்பி சில நாள் கூட இருந்தார், பேச்சு சரிப்படவில்லை, ஒரு நாள் இரவோடு இரவாகக் கொள்ளிடத்தைத் தாண்டித் தஞ்சைக்கு ஓடிவிட்டார். பாகப்பிரிவினைக்கு அஞ்சி நள்ளிரவில் ஆற்றைக் கடக்கும் ஓர் அரசர்! இவ்வளவு நல்ல காட்சி சரித்திரத்தில் தயாராக இருந்தபோது, இல்லாத வெள்ளத்தையும் வராத வண்டியையும் நான் எதற்காகக் கற்பனை செய்தேன்? படிப்பதற்குச் சோம்பல். வேறு காரணம் இல்லை.

அடுத்தது அத்தையின் கேள்வி. ஷாஹஜிக்கு முன்னால் நம்மவர் புளி கரைத்ததில்லையா? பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாத்தைத் திறந்தால் விடை கிடைக்கிறது. மலையூர்க்காரர்கள் அவரை விதையும் புளியும் சேர்த்துக் காய்ச்சிய கூழ் அதில் வருகிறது. பருப்பும் புளியும் ஒரு பானையில் கூடிவிட்டால், அப்புறம் சாம்பாருக்கு எவ்வளவு தூரம் இருக்கிறது? மராட்டியர் வருவதற்குச் சுமார் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்திய சேதி இது. பெயரும் அப்படித்தான். சம்பாரம் என்றால் தமிழில் கறிக்குச் சேர்க்கும் மசாலைச் சரக்கு. மலையாளத்தில் இஞ்சியும் மிளகாயும் கறிவேப்பிலையும் போட்ட மோருக்குச் சம்பாரம் என்றே பெயர். சரக்குப் போட்டதால் சாம்பார். இதற்கு ஒரு ராஜகுமாரன் மராட்டிய நாட்டிலிருந்து வர வேண்டிய அவசியம் இல்லை.

அப்படியானால் மராட்டியர்கள் தஞ்சாவூர் அடுப்படிக்கு ஒன்றுமே கொடுக்கவில்லையா? நிறையக் கொடுத்தார்கள். அந்த ஹோட்டல் மேஜையிலேயே அதற்கு அத்தாட்சி இருந்தது. ஆனால் கதை இருந்த சாம்பார்ச் சீட்டில் அல்ல. கதை இல்லாத மற்றச் சீட்டுகளில். மராத்தியில் கத்தரிக்காய்க்கு வாங்கி என்று பெயர். ரசவாங்கி என்று நாம் சொல்லும்போது பாதி மராத்தி பேசுகிறோம். கடலைமாவைக் கரைத்துக் கிளறும் அவர்களுடைய பிட்லா, நம்மிடம் பாகற்காயும் தேங்காயும் சேர்ந்து பிட்லை ஆயிற்று. உளுந்து மாவைத் தயிரில் கலக்கும் டாங்கர் அவர்களுடையது. அங்கே தினப்படி ரொட்டிக்குப் போளி என்று பெயர். இங்கே வந்ததும் அது போகிப் பண்டிகைக்குரிய தித்திப்பாகிவிட்டது. நம் கோசுமல்லிக்கு அங்கே கோஷிம்பீர் என்று ஒரு சகோதரி இருக்கிறாள். கடைசியில் வந்த பெரிய மன்னர் இரண்டாம் சரபோஜி, 1798 முதல் 1832 வரை பட்டத்தில் இருந்தவர். அவர் காலத்து அரண்மனைச் சமையல் முறைகளை மராத்தியில் எழுதி வைத்தார்கள். சரபேந்திர பாகசாஸ்திரம் என்று தஞ்சை சரஸ்வதி மகால் நூல்நிலையம் அதை அச்சிட்டிருக்கிறது. நூலின் பெயரில் ராஜா இருக்கிறார். சமைத்தவர்கள் பெயர் அதிலும் தலைப்புக்கு ஏறவில்லை.

"புராதனம்", "பாரம்பரியம்" என்ற சொற்கள் அந்தச் சீட்டுகளில் தாராளமாகப் பரிமாறப்பட்டிருந்தன. சாம்பாரையே எடுத்துக்கொண்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்ப்போமே. மிளகாய் அமெரிக்காக் கண்டத்துச் செடி. 1498-இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. நம்மவர் அதைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, மிளகைப் போல எரிக்கும் காய் என்று மிளகாய் என்ற பெயரைக் கொடுத்துக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பறங்கிக்காய் தன் ஜாதகத்தைப் பெயரிலேயே எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. தக்காளி அமெரிக்காவிலிருந்து வந்தது. நம்முடைய மணத்தக்காளியின் சாயல் இருந்ததால் அதன் பெயரை வாங்கிக்கொண்டது. பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்திலிருந்து வருவது. நம் நாட்டு விஞ்ஞானிகள் அதை இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் முதன்முதலாக நட்டதே 2020 அக்டோபரில்தான். போகட்டும், புளியாவது நம்முடையதா? அரபு வியாபாரிகள் அதற்கு இந்தியப் பேரீச்சை என்று பெயரிட்டார்கள். ஆனால் அந்த மரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவர சாஸ்திரிகள். எப்போதோ வந்து, சாலை ஓரத்தில் நிழல் தந்து, ஊர்ப் பேய்களுக்கெல்லாம் இருப்பிடமும் கொடுத்து, நம்முடையதாகிவிட்டது.

மிளகாய் வருவதற்கு முன்னால் நம் சமையல் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஹோட்டலுக்குப் போய்ப் பிரயோஜனமில்லை. திவசத்தன்று அத்தை சமைத்த சமையலைப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு மிளகாய்க்கு வீட்டில் இடம் இல்லை, மிளகுதான். தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு எதுவும் வாசற்படி ஏறக்கூடாது. வாழைக்காய், புடலங்காய், பாகற்காய், அவரைக்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல். பித்ருக்கள் தமக்குப் பழக்கமில்லாததைச் சாப்பிட மாட்டார்களாம். வருஷத்தில் ஒரு நாள், பழைய தஞ்சாவூர் அடுப்படி ஒன்று எங்கள் வீட்டில் உயிர்பெற்று எழுந்திருக்கும். ஆனாலும், அந்த இலையிலேயே சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இருக்கும்! அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். எப்படியோ பித்ருக்களின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு உள்ளே புகுந்துவிட்டது. அத்தையிடம் நான் இதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் திகைத்திருப்பாள் என்று நினைக்கிறேன். அல்லது, "யாரோ ஒருத்தி ஒரு நாள் காய் அகப்படாமே போட்டிருப்பா" என்று சரியான விடையைச் சொல்லியிருப்பாள்.

இந்த "யாரோ ஒருத்தி"யைத்தான் சீட்டு எழுதுகிறவர்களும், என்னைப் போன்றவர்களும் மறந்துவிடுகிறோம். கொகம் இல்லாத வீட்டில் புளியைப் போட்டுப் பார்த்தவள், மிளகு விலை ஏறிய போது தோட்டத்து மிளகாயைக் கிள்ளிப் போட்டவள், மராத்தி வீட்டு ஜன்னல் வழியாக வந்த மணத்தைக் கேட்டு மறுநாள் தன் கத்தரிக்காயில் முயன்று பார்த்தவள். சமையல் மாறியது இவர்கள் கையில்தான். ஆனால் கதை சொல்ல உட்கார்ந்ததும் ஒரு ராஜா தேவைப்படுகிறார். ராஜா இல்லாவிட்டால் அது கதையாகவே தோன்றுவதில்லை.

பழைய புலவர்கள் நம்மைவிட மேல். குறுந்தொகையில் 167-ஆம் பாட்டில் கூடலூர் கிழார் ஒரு புதுப் பெண்ணின் சமையலைக் காட்டுகிறார். தயிர் பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, அவள் புளிப்புக் குழம்பு வைக்கிறாள். கணவன் நன்றாக இருக்கிறது என்று சாப்பிடுகிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. அவ்வளவுதான் பாட்டு. அதில் அரசன் இல்லை; அடுப்பும் அவளும்தான்.

அச்சில் தன் பெயரையே போட்டுக்கொண்டு அடுப்படியிலிருந்து வெளியே வந்தவர் எஸ். மீனாட்சி அம்மாள். இளம் வயதில் கணவரை இழந்தவர். அவருடைய "சமைத்துப் பார்" 1951-இல் வெளிவந்தது. புதுக்குடித்தனம் போகும் பெண்ணுக்குப் பாத்திரங்களோடு அந்தப் புத்தகத்தையும் கட்டிக் கொடுத்த வீடுகள் எத்தனையோ. எங்கள் வீட்டிலும் ஒரு பிரதி இருந்தது. அத்தை அதைப் பார்த்துச் சமைத்ததே இல்லை. ஆனால் அட்டையிலிருந்த அந்தப் பெயரை அவள் விரலால் தடவிப் பார்த்ததை ஒரு தடவை நான் பார்த்திருக்கிறேன்.

அன்று ஹோட்டலை விட்டுக் கிளம்புமுன் ரசவாங்கி செய்தவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். உயரமான வெள்ளைத் தொப்பி அணிந்த தலைமைச் சமையற்காரர் வந்தார். நல்ல மனிதர். "நான் மேற்பார்வைதான், சார். கை அவங்களுது" என்று சொல்லி உள்ளே அழைத்துப்போனார்.

சமையலறையின் கோடியில், ஐம்பது வயதிருக்கும், ஓர் அம்மாள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம். ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலமாகப் பத்து நாள் வேலைக்கு வந்திருக்கிறார். ரசவாங்கியை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"கல்யாணச் சமையல்காரர் ஒருத்தர்கிட்டே பத்து வருஷம் அரைச்சுக் கொடுக்கிற வேலை பார்த்தேன் ஐயா. யாரும் சொல்லித் தரல்லே. அரைச்ச கைக்குத் தெரியாதா?" என்றார். பிறகு கொஞ்சம் கவலையோடு, "வெளிநாட்டுக்காரங்க சாப்பிடணும்னு புளியைக் குறைக்கச் சொன்னாங்க. உங்களுக்குச் சப்புன்னு இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லை; எங்கள் அத்தை கை மாதிரியே இருந்தது" என்றேன். உண்மையில் முக்கால்வாசிதான். மீதிக் கால் குறைந்ததற்குக் காரணம் அந்த அம்மாள் அல்லவே! சாம்பார்ச் சீட்டைப் படித்தீர்களா என்றும் கேட்டேன். "அது இங்கிலீஷிலே இருக்குங்க" என்றார்.

பெயரைக் கேட்டுக்கொண்டேன். பத்திரிகையில் எழுதலாமா என்றதும் பதறிவிட்டார். ஒப்பந்தக்காரர் கோபித்துக்கொண்டால் அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டாராம். ஆகையால் அந்தப் பெயர் இங்கேயும் இல்லை. அத்தை இதைப் படித்தால் மறுபடியும் அதே கேள்வியைத்தான் கேட்பாள். இந்தத் தடவை பதில் எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல முடியாது.

மானேஜரிடம் போய்க் கொள்ளிடத்து வெள்ளம் என் கற்பனை, அதையாவது அடித்துவிடுங்கள் என்றேன். அவர் என்னை மரியாதையாக வாசல் வரை கொண்டுவந்து விட்டார். "கதை நன்றாக இருக்கிறதே, சார். எல்லோரும் ரசிக்கிறார்கள்" என்றார்.

ஒரு கதாசிரியனுக்கு இதைவிட நல்ல பாராட்டு கிடைக்காது. இதைவிடப் பெரிய தண்டனையும் கிடைக்காது. வாசகர்கள் யாராவது எங்காவது விருந்தில் அந்த வெள்ளத்தைச் சந்தித்தால், தயவுசெய்து எனக்காக அதை வடித்துவிடுங்கள். பிறகு உள்ளே போய், சமைத்தவர் யார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.